மூலைவீட்டைத் தாண்டிய கயிறு

பலகையில் பதினாலாம் ஊசிக்கும் பதினைந்தாம் ஊசிக்கும் நடுவில் தாட்சாயினியின் விரல் நின்றுவிட்டது. அடிமட்டத்தை வைத்து அளந்தாள். எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அன்ரி, உங்கட வீட்டுக்கும் மணியடிகாரர் வீட்டுக்கும் இடையிலை என்ன இருந்தது?"

"ஒண்டும் இல்லை" என்றார் ஏரம்பமூர்த்தி மாஸ்ரர். கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது.

"ஒண்டும் இல்லாட்டி நாப்பது அடி மிஞ்சாது, அங்கிள்."

"வெறும் காணி, பிள்ளை. பத்தையும் பாம்பும்."

அவள் பென்சிலால் அந்த இடத்தில் பிரெஞ்சில் ஏதோ எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படர்ந்திருந்தது. கரண்டியால் அதை ஒதுக்கினேன், திரும்ப வந்து மூடியது.

ரூ பெர்தொனே என்கிற தெருவில் யோகநாதனின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஒரு பக்கம் வெங்காயச் சாக்கும் அரிசி மூட்டையும், மற்றப் பக்கம் நீளமான ஒரு மேசையும். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட இரண்டு மணித்தியாலம் அந்த மேசை எங்களுக்கு. 'கோட்டைவெளி மக்கள் ஒன்றியம்' என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நாங்கள் போன பிறகு யோகநாதன் அதைக் கழற்றி மடித்து லாச்சிக்குள் வைப்பான். தொடங்கின காலத்தில் முப்பது பேர் வந்தார்கள். கதிரை போதாமல் வெங்காயச் சாக்கில் குந்தியிருந்து கதைத்தார்கள். இப்போது ஐந்தாறு பேர். சிலர் லண்டனுக்குப் போய்விட்டார்கள், சிலர் செத்துப்போனார்கள், சிலருக்கு முழங்கால். எனக்கும் முழங்கால்தான். ஆனால் என் வீடு இருக்கிற மார்க்ஸ் டோர்மோயில் இருந்து நடந்து வருகிற தூரம் என்பதால் சாட்டுச் சொல்ல முடிவதில்லை.

கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடல்நீரேரி ஒடுங்குகிற இடம் அது. அக்கரையில் குடாநாடு, இக்கரையில் வன்னி. அந்தத் துறையால் ஆர் வருகிறார்கள், ஆர் போகிறார்கள் என்று பார்க்க ஒல்லாந்தர் கடலில் எடுத்த முருகைக்கல்லில் கட்டிவிட்ட எல்லைக் காவல். நாலு மூலைக்கு நாலு கொத்தளம், சுற்றி ஒரு அகழி, ஒரு வாசல். பட்டாளம் போன பிறகும் பட்டாளத்துக்கு வேலை செய்த சனம் போகவில்லை. போக அவர்களுக்கு வேறு இடம் இல்லை. வாசல் காத்தவனின் வழி வாசல்காரர், சுண்ணாம்பு சுட்டவனின் வழி சுண்ணாம்புக்காரர், மணி அடித்தவனின் வழி மணியடிகாரர். மணி எப்போதோ களவு போய்விட்டது, பெயர் மட்டும் கிடந்தது. நான் கலியாணம் கட்டிப் போனது வாசல்காரர் வீட்டுக்கு. மதிலின் உட்பக்கத்தோடு ஒட்டி வரிசையாக வீடுகள். மதில்தான் எங்கள் எல்லாருக்கும் பின்சுவர்.

தொண்ணூறில் எழும்பி ஓடினோம். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசம் கோட்டைக்குள் இராணுவம் இருந்தது. இப்போது அவர்கள் போய், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற திணைக்களம் வந்திருக்கிறது. மதிலைத் திருத்துகிறார்கள், அகழியைத் துப்புரவு செய்கிறார்கள், சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். வீடுகளின் அத்திவாரத்தைக்கூட இராணுவம் கிளறி மண்மூட்டைக்குப் போட்டுவிட்டது, பத்திரங்கள் இல்லை. ஆனபடியால் எந்த வீடு எங்கே இருந்தது என்று வரைபடம் கேட்கிறார்கள். படத்தில் இருக்கிற வீட்டுக்காரர் கோட்டையின் சனம். வேலிக்குள்ளே திரும்பிப் போய் இருக்கலாம். படத்தில் இல்லாதவர் வெளியே. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

"ஒல்லாந்தன் வந்து கட்டேக்கை அவனிட்டை ஆர் அத்தாட்சி கேட்டது?" என்று யோகநாதன் ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை கேட்பான். முதல் தடவை எல்லாரும் சிரித்தோம்.

தாட்சாயினி இங்கே பிறந்தவள், முப்பத்துநாலு வயது. பழைய கட்டடங்களை அளந்து படம் கீறுகிற ஒரு பியூரோவில் வேலை. தாய் எங்கள் ஊர், இறந்துவிட்டாள். தாயின் பெயருக்காகத்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன், எங்கள் கதைகளுக்காக அல்ல. கதை சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். "ஒராள் சொன்னா அது கதை, அன்ரி. வேற வேற வீட்டு ஆக்கள் ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னாத்தான் நான் வீடு கீறுவன். உங்கட வீட்டுக்கு நீங்களே சாட்சி சொல்ல ஏலாது." வேலையிடத்தில் அப்படித்தானாம். முதல் மூன்று மாதமும் எங்களால் இரண்டு வீட்டைக்கூட ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேம்பு மரத்துக்கு இந்தப் பக்கம் என்று ஒருவர், அந்தப் பக்கம் என்று மற்றவர். வேம்பு மரமே இல்லை, அது இலுப்பை என்று இன்னொருவர்.

அப்போது கயிற்றை ஞாபகப்படுத்தியது மாஸ்ரர்தான். கோட்டைக்குள் நல்ல தண்ணி ஒரேயொரு கிணற்றில்தான். ஊற்று மெதுவாகத்தான் ஊறும். அதனால் ஊருக்கே ஒரு கயிறு, ஒரு வாளி. ஒருவரும் தன் சொந்தக் கயிற்றைப் போட்டு அள்ளக் கூடாது. அது பட்டாளக் காலத்துக் கட்டளை என்று சொல்வார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து வாளி. அள்ளி முடிந்ததும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டு, மதிலோரமாக நடந்து, அடுத்த வீட்டுப் படலையில் கொழுவிவிட வேண்டும். விடியக்காலம் மாஸ்ரர் வீட்டில் தொடங்குகிற கயிறு ஒரு சுற்றுச் சுற்றிப் பொழுதுபட அவர் வீட்டுப் படலைக்கே வந்து சேரும். மரம் மாறிப்போகும், வேலி மாறிப்போகும், ஆனால் கயிறு எங்கே இருந்து வந்தது, எங்கே கொண்டு போனோம் என்று எந்தப் பெண்ணும் மறக்க மாட்டாள். தாட்சாயினி கொத்தளங்களின் அளவைத் திணைக்களத்திடம் எடுத்து ஒரு தக்கைப் பலகையில் மதிலைக் கீறினாள். வீட்டுக்கு ஒரு குண்டூசி. பார்சல் கட்டுகிற நூலை யோகநாதன் கொடுத்தான். மாஸ்ரரின் ஊசியில் முடிச்சுப் போட்டுத் தொடங்கி, இருபத்தாறு ஊசியும் சுற்றி, திரும்பவும் மாஸ்ரரின் ஊசிக்கே வந்து முடிச்சுப் போட்டு, மிச்ச நூலை வெட்டினாள். "வொலா" என்றாள், முடிந்தது என்கிற மாதிரி. அன்றைக்கு எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது.

மாஸ்ரர் அதையே வைத்து முன்னுரையும் எழுதிவிட்டார். நான்கு பக்கம். ஒரே கயிற்றில் ஒரே கிணற்று நீரை உண்டு வாழ்ந்த மக்கள், ஒருவருக்கும் ஒரு துளி கூடவும் இல்லை குறையவும் இல்லை, இந்தக் கயிறுதான் கோட்டையைக் கல்லைவிட உறுதியாகக் கட்டிவைத்தது. நல்ல தமிழ். அவர் வாசிக்கும்போது யோகநாதன் கண்ணைத் துடைத்தான். தாட்சாயினி அதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் படத்தோடு அனுப்பப் போகிறாள்.

அந்த நாற்பது அடியில் இப்போது ஒரு தகரக் கொட்டில் நிற்கிறது. அதில் இராஜதுரை இருக்கிறான். தனி ஆள். திரும்பிப் போய் ஆறு வருசம். இந்த வேலி வருமுன்னமே தன் காணி என்று போய்க் கொட்டில் போட்டவன். படம் போகும் நாளில் அந்த இடம் வெறும் காணி என்று போனால் அவனை எழுப்பிவிடுவார்கள். மேசையைச் சுற்றியிருந்த பழைய ஆட்கள் எல்லாருக்கும் அது தெரியும். தாட்சாயினிக்குத் தெரியாது.

"உவன் இராஜதுரை பிறகு வந்து குந்தினவன்" என்று, எழும்பும்போது மாஸ்ரர் பொதுவாகச் சொன்னார். எல்லாரும் மேலங்கியைத் தேடினார்கள். நானும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீடு நாலாம் மாடி. இருபத்திரண்டு வருசம் மற்றவர்களின் கந்தோர்களைக் கூட்டித் துடைத்த முழங்கால், இரண்டாம் மாடியில் நிற்கச் சொல்லும். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது என் வலது கை தானாக எழும்பி இடது தோளைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். கயிறு மாற்றுகிற கை.

மூலைவீடு விளக்குக்காரர் வீடு. மூலைக் கொத்தளத்தில் தோணிகளுக்கு விளக்கு ஏற்றியவர்களின் வழி. ஞானம்மாவும் அவளின் தம்பி இராஜதுரையும் தாயும். என் படலைக்கு அடுத்த படலை. நான் பத்து வாளி அள்ளிய பிறகு கயிறு அவர்களுக்குத்தான் போகும். எண்பத்தாறில் ஒரு நாள் ரக் வண்டிகளில் இராணுவம் கரையோரமாக வந்து வாசலில் நின்றது. அந்த நேரம் கயிறு மூலைவீட்டில். ஒருவன் வந்து தண்ணீர் கேட்டான். ஞானம்மாவின் தாய் கயிற்றையும் வாளியையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர்கள் அள்ளிக் குடித்து, முகம் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. துவக்கோடு வந்து கேட்கிறவனுக்கு நான் என்றாலும் கொடுத்திருப்பேன். கயிறு அரைமணி நேரம் முந்தி என் வீட்டில்தான் இருந்தது.

பின்னேரம் சங்கக் கொட்டகையில் கூட்டம். மாஸ்ரர் அப்போது செயலாளர், முப்பத்தேழு வயது, நல்ல கம்பீரமான ஆள். அவர் கோபித்துக் கதைக்கவில்லை. "ஒரு மாதம் போகட்டும். கயிறு அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். நாளைக்கு இயக்கப் பெடியள் வந்து, ஏன் ஆமிக்குத் தண்ணி குடுத்தனீங்கள் எண்டு கேட்டால், நாங்கள் ஒரு நடவடிக்கை எடுத்தனாங்கள் எண்டு சொல்ல வேணும்." எல்லாரும் தலையாட்டினோம். பெடியள் வந்து கேட்கவில்லை. ஒரு மாதம் முடிந்தது. முடிந்தது என்று சொல்ல ஒருவரும் கூட்டம் கூட்டவில்லை. நாலு வருசம் போனது.

அந்த நாலு வருசமும் கயிற்றை மூலைவீட்டைத் தாண்டிக் கொண்டுபோனது நான். அவர்களின் படலைக்கு முன்னால் வரும்போது கயிற்றை வலது தோளில் இருந்து இடது தோளுக்கு மாற்றுவேன், அவர்கள் பக்கம் தெரியாமல் இருக்க. கயிற்றில் இருந்து சொட்டுகிற தண்ணீர் மணலில் ஒரு கோடு போடும். கோடு அவர்களின் படலைக்கு முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு நான் என்ன செய்ய. ஞானம்மா சில நாள் படலையில் நிற்பாள். ஏன் என்று கேட்டதில்லை. நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள்.

அடுத்த புதன்கிழமை கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறிச் செவ்ரானுக்குப் போனேன். ஞானம்மா இருக்கிற இடம் எனக்கு எப்போதும் தெரியும். ஒரு கலியாண வீட்டில் கண்டு, இருவரும் சாப்பாட்டுக் கோப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டு விலகிப் போனதுதான் கடைசி. அதுவும் பதினைந்து வருசம்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள்.

"படியாலையே வந்தனீ? அசான்சேர் பழுதெல்லே. ஆறு மாடி."

"இருந்து இருந்து ஏறினன்."

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை, ஞானம்."

"அப்ப என்னத்துக்கு வந்தனீ?"

ஆனாலும் வழி விட்டாள். உள்ளே போகிற நடைபாதையில் சுவரோரமாகப் பிளாஸ்ரிக் போத்தல்கள். ஒன்றரை லீற்றர் போத்தல்கள், எல்லாம் ஒரே அளவு, கழுத்துவரை தண்ணீர். பாதிக் கதவுவரை நின்றன. நான் எண்ணவில்லை. பைப்பைத் திறந்தால் இரவு பகலாகத் தண்ணீர் வருகிற ஊர் இது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சுவர்ப்பக்கமாக ஒதுங்கி, ஒன்றையும் தட்டிவிடாமல் நடந்து போய் இருந்தேன்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது, இராஜதுரை ஒவ்வொரு கிழமையும் எடுக்கிறான்.

"வீடு அங்கை இருந்தது எண்டு சொல்ல ரெண்டு பேர் வேணும். உன்ரை வாய் கணக்கில்லை, உன்ரை வீடு எண்டபடியால்."

"என்ரை வாய் எப்ப கணக்கிலை இருந்தது."

"நான் ஒராள். மற்றது மாஸ்ரர்தான். மற்றவை அப்ப சின்னனுகள், இல்லாட்டிப் பிறகு கலியாணம் கட்டி வந்தவை."

"அவர் சொல்லுவாரோ?"

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன். கயிறு இருபத்தேழு வீட்டுக்கும் போனது என்று போட்டால் மாஸ்ரர் மறுக்க மாட்டார். முன்னுரையும் பிழைக்காது. வீடும் படத்தில் வரும், தம்பியும் எழும்பத் தேவையில்லை. ஒருவருக்கும் நோகாது. சொல்லும்போதே எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இத்தனை வயதுக்குப் பிறகு ஒருவருக்கும் நோகாத ஒரு வழி கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.

ஞானம்மா எழும்பி நடைபாதைக்குப் போனாள். ஒரு போத்தலை எடுத்து வந்து, ஒரு கிளாசில் ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். குசினிக்குப் போய்க் குறைந்த அளவைப் பைப்பில் நிரப்பி, மூடியை இறுக்கி, போத்தலைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்து இருந்தாள்.

"அம்மா பள்ளிக்கூடத்துத் தாங்கியிலை இருந்து நாலு வருசம் சுமந்தவ. ஒரு நாளைக்கு ரெண்டு நடை. ஒரு மைல் போகேக்கை, ஒரு மைல் வரேக்கை. கயிறு எங்களுக்கும் வந்தது எண்டு நீங்கள் எழுதினால், அவ ஏன் சுமந்தவ? விசரிலையே?"

கிளாசைக் கையில் எடுத்தேன்.

"நீ செத்து நான் செத்தாப் பிறகு உந்தப் படம்தான் இருக்கும். அதிலை கயிறு வந்தது எண்டு இருக்கும்."

"அப்ப துரைக்கு?"

"துரைக்கு அந்தக் காணி வேணும். எனக்குத் தெரியாதே? எங்கட வீடு வேணும், கயிறு நிண்டதும் வேணும். ரெண்டையும் செய்ய ஏலாட்டி நீ ஏன் ஆறு மாடி ஏறினனீ, ஈசு?"

ஈசு என்று என்னை அழைக்கிற ஆட்கள் இப்போது இல்லை. நான் தண்ணீரைக் குடித்தேன். பிளாஸ்ரிக் வாசம் அடித்தது. முழுவதையும் குடித்து முடித்தேன். அவள் வாசல்வரை வந்தாள். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. "மெதுவாய் இறங்கு. மூண்டாம் மாடியிலை லைற் இல்லை" என்றாள்.

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஈரச் சப்பாத்து மணம். தாட்சாயினி மடிகணினியைத் திறந்து ஒரு படம் காட்டினாள். திணைக்களம் அனுப்பிய புகைப்படம்: மூலைக் கொத்தளத்தின் உட்சுவரில் ஒரு மாடம், அதற்கு மேலே சுவர் கருப்பாக.

"இது புகை. வருசக்கணக்காய் ஆரோ விளக்கு வைச்சிருக்கினம். வெறும் காணியிலை ஆர் விளக்கு வைக்கிறது, அங்கிள்?"

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். என்னைப் பார்த்தார். கடைக்குள் யாரோ இரண்டு பரோட்டா கேட்டார்கள், யோகநாதன் இன்னும் அடுப்புப் பத்தவில்லை என்று சொன்னான்.

"சரி, பிள்ளை. இப்ப ஞாபகம் வருது. விளக்குக்காரர் எண்டு ஒரு குடும்பம் இருந்தது. மறந்து போச்சு, வயது. போடு. இருபத்தேழு வீடு. கயிறு அங்கையும் போனது. ஈஸ்வரி, நீயும் ஓம் எண்டு சொல்லு, ரெண்டு வாய் சரி."

எவ்வளவு சுலபமாக இருந்தது. நான் நினைத்ததைவிடச் சுலபம். நாலு எழுத்துக்கூட வேண்டாம், தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். தாட்சாயினி இருபத்தேழாம் ஊசியை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வீடு இருந்தது" என்றேன். "மதில் மூலையோடை ஒட்டி, மற்ற வீடுகளை விட உள்ளுக்கு. கயிறு எண்பத்தாறு வரைக்கும் போனது. அதுக்குப் பிறகு போகேல்லை. நான்தான் கொண்டு போகேல்லை."

"ஈஸ்வரி" என்றார் மாஸ்ரர்.

"ஏன் அன்ரி கொண்டு போகேல்லை?"

சொன்னேன். கதையாகச் சொல்லவில்லை. ரக் வந்தது, தண்ணீர் கேட்டது, கூட்டம், ஒரு மாதம், நாலு வருசம். அவள் கையைக் காட்டி நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. யோகநாதன் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டான்.

"எனக்கு அப்ப ஆறு வயது" என்றான். "அந்த வீட்டு அம்மா குடத்தோடை பள்ளிக்கூடத்துத் தாங்கியடியிலை நிப்பா. ஏன் எண்டு வீட்டிலை கேட்டனான். கிணத்துத் தண்ணி அவைக்கு ஒத்துவராது எண்டு சொன்னவை. நான் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சுக் கொண்டிருந்தனான்."

மாஸ்ரர் அவனைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் கதைத்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருநாளும் உயர்த்துவதில்லை.

"அண்டைக்குப் பெடியள் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும், மாஸ்ரர். அதுக்கு ஒரு மாதம் காணும்."

"இதை எழுதி அனுப்பினால் அங்கை இருக்கிறவன் என்ன சொல்லுவான்? உங்களுக்குள்ளையே ஒற்றுமை இல்லை, ஒருத்தரும் உள்ளுக்கு வேண்டாம் எண்டு சொல்லுவான். ஒரு வீட்டுக்காக இருபத்தாறு வீட்டையும் வெளியிலை விடப் போறியோ?"

அது வெறும் சாட்டு அல்ல. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவருடைய கை மேசையில் இருந்தது, நரம்பெல்லாம் மேலே தெரிய, மெல்ல ஆடிக்கொண்டு. முன்னுரையின் நாலு பக்கமும் அந்தக் கைக்குக் கீழே. எழுபத்தாறு வயது. ஊரில் அவருக்கு இப்போது ஒருவரும் இல்லை. அந்த நாலு பக்கத்தைத் தவிர அவர் திரும்பிப் போவதற்கு ஒரு இடமும் இல்லை. எனக்கு அவரில் கோபம் வரவில்லை. கோபப்படுகிற வயதும் தாண்டிவிட்டது. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் போல.

"அங்கிள்" என்றாள் தாட்சாயினி. "நாளைக்கு நான் அனுப்ப வேணும். அன்ரி ஒரு வாய். நீங்கள் முதல் சொன்னது வேற, இப்ப அவ சொல்லுறது வேற. ரெண்டும் ஒரே மாதிரி இல்லாட்டி நான் அந்த வீட்டைக் கீற மாட்டன். நீங்கள் அவ சொன்னதைச் சொன்னால் ரெண்டையும் கீறுவன், போன கயிறு ஒரு கோடு, நிண்ட கயிறு ஒரு கோடு."

"அப்பிடி ஒரு படம் எங்கையாவது இருக்கோ?"

"ஓம். எங்கட பியூரோவிலை எல்லாம் அப்பிடித்தான். எந்த வருசம் எது இருந்தது எண்டு நிறத்திலை காட்டுவம்."

மாஸ்ரர் முன்னுரைத் தாள்களின் விளிம்பைச் சரிசெய்தார். தாட்சாயினி காத்திருக்கவில்லை. இருபத்தேழாம் ஊசியைப் பலகைக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தாள்.

நான் எழும்பினேன். ஊசியை எடுத்து, கண்ணாடி இல்லாமலே, மூலைக் கொத்தளத்துக்குள், மாடத்துக்குக் கிட்ட, வீட்டு வாசல் இருந்த இடத்தில் குத்தினேன். அதற்கு எனக்கு அடிமட்டம் தேவைப்படவில்லை. பிறகு என் வீட்டு ஊசிக்கும் மணியடிகாரர் ஊசிக்கும் நடுவில் நேராக ஓடுகிற நூலை நகத்தால் தூக்கி மூலைப்பக்கமாக இழுத்தேன். வரவில்லை. நூல் இருபத்தாறு வீட்டுக்கு அளந்து வெட்டியது. புது ஊசிக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. இன்னும் இழுத்தால் மற்ற ஊசிகள் சரியத் தொடங்கின. சுண்ணாம்புக்காரர் ஊசி ஏற்கெனவே சாய்ந்துவிட்டது.

"முடிச்சை அவிழ்க்க வேணும், அன்ரி" என்றாள் தாட்சாயினி மெதுவாக.

முடிச்சு மாஸ்ரரின் ஊசியில் இருந்தது. யோகநாதன் தட்டை அரிசி மூட்டையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டான். நான் இருக்கவில்லை, இருந்தால் நூலை விட வேண்டி வரும்.

மாஸ்ரர் முன்னுரையில் இருந்து கையை எடுத்தார். பலகையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகம் ஊசியில் படும் அளவுக்குக் குனிந்தார். விரல் நுனி முடிச்சில் வந்து நின்றது. விரலின் நடுக்கம் நூல்வழியாக இருபத்தாறு ஊசியையும் சுற்றி என் நகத்துக்கு வந்தது. கிணற்றுக்குள் நிறைந்த வாளி ஆடும்போது கயிறு கைக்குச் சொல்லுமே, அதைப் போல. அவர் அவிழ்க்கிறாரா, அழுத்திப் பிடித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கால் வலித்தது. விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.